நடுக் குடும்பத்தின் வரும்படி

வன்னியம்பட்டி விலக்கில் பேருந்துக்காகக் காத்து நின்றவர்கள் அந்த இடத்தின் அமைப்பை நன்கு அறிவார்கள். மேற்கே மலைத்தொடர் நீலம் பாரித்து நீண்டு கிடக்கிறது. ஒரு புறமாகச் சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாக் கடைகளும் நிறைந்த ஊர். மறு புறமாகச் சென்றால் இராஜபாளையம், நூற்பாலைகளின் ஊர். இடைப்பட்ட சிற்றூர்களில் வயலில் இறங்குவோர் உண்டு. ஆலைக்குப் போவோர் உண்டு. மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் கூலிக்குச் செல்வோர் உண்டு. சத்திரப்பட்டிப் பக்கம் போய்விட்டால் காயத்துக்குக் கட்டும் துணியைத் தறியில் நெய்வோரும் உண்டு. இத்தகைய ஒரு வட்டாரத்தில் வாழும் குடும்பம் ஒன்றுக்கு மாதம் எவ்வளவு வரும்படி வருகிறது? இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன். கேள்வி மிக எளிது. ஆனால், வட்ட வாரியாகவோ மாவட்ட வாரியாகவோ இதற்கு அதிகாரபூர்வமான விடை நம் நாட்டில் இதுகாறும் அச்சேறியதில்லை.

முதலில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, குடும்பக் கணக்கெடுப்பு ஒன்றில் சில மாதங்கள் வேலை பார்த்தேன். வன்னியம்பட்டியை அடுத்த ஒரு தெருவில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அந்த வீட்டு அம்மாளிடம், “மாத வரும்படி எவ்வளவு அம்மா?” என்று கேட்டேன். அவர் முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். “வரும்படியா? என்ன தம்பி, இப்படிக் கேட்டால் நான் எதைச் சொல்லுவேன்? அறுப்புக்குப் போனால் நெல்லாக வரும். எருமை கறந்தால் பாலாக வரும். பெரியவன் திருப்பூரிலிருந்து அனுப்பினால் பணமாக வரும். அவன் அனுப்பாவிட்டால் கடன்தான் வரும். இதில் உங்களுக்கு எந்த மாதத்துக் கணக்கு வேண்டும்?” என்றார்.

எனக்கு அன்று இன்னும் ஒன்பது வீடுகள் முடிக்க வேண்டியிருந்தன. வெயிலோ உச்சிக்கு ஏறிவிட்டது. நான் தலையை நிமிர்த்தி வீட்டுக் கூரையைப் பார்த்தேன். ஓடு வேய்ந்த கூரை, திண்ணை சிமெண்டு பூசியது, முற்றத்தில் எருமை. இவற்றை வைத்து மனத்துக்குள்ளேயே ஒரு தொகையை மதிப்பிட்டு, கட்டத்தில் எழுதிவிட்டேன். அவர் சொன்னதாக எழுதினேன். அந்த ஓட்டு வீடு அடைமானத்தில் இருந்ததைப் பின்னர் வேறொருவர் வாய்மொழியாக அறிந்தேன். தாளோ அதற்குள் மேலிடத்துக்குப் போய்விட்டது.

இந்தக் கதையைப் பிற்பாடு மீண்டும் எடுத்துக்கொள்வேன். அதற்கு முன் ‘நடுக் குடும்பம்’ என்று நான் சொல்வது யாதென விளக்க வேண்டும்.

கற்பனையாக ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பதினொரு வீடுகள். பத்து வீடுகளின் மாத வரும்படி ஆயிரக் கணக்கில் 6, 7, 8, 9, 10, 12, 14, 15, 18, 21 என்று வைத்துக்கொள்வோம். பதினொன்றாவது வீடு தெருக்கோடியில் உள்ள மாடி வீடு. அவருக்கு ஆலையில் பங்கு உண்டு. மாதம் நான்கு லட்சம் வருகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் சராசரி நாற்பத்தேழாயிரத்துக்கும் சற்று மேல். அந்தத் தெருவில் நாற்பத்தேழாயிரம் சம்பாதிக்கும் குடும்பம் ஒன்றுகூட இல்லை! பத்து வீட்டார் அதில் பாதியையும் எட்டவில்லை. இப்போது வேறு விதமாகச் செய்யலாம். பதினொரு குடும்பத் தலைவர்களையும் வரும்படி வரிசையில் தெருவில் நிறுத்துங்கள். ஒரு கோடியிலிருந்து ஆறாவதாக நிற்பவர்தாம் நடுவில் நிற்பவர். அவருக்குக் கீழே ஐவர், மேலே ஐவர். அவருடைய வரும்படி பன்னிரண்டாயிரம். இதனைப் புள்ளியியலார் ‘இடைநிலை’ என்பர். மாடி வீட்டுக்காரரின் வரும்படி எட்டு லட்சமாக உயர்ந்தால், சராசரி எண்பத்து மூவாயிரத்தைத் தாண்டும். நடுவில் நிற்பவரோ அதே பன்னிரண்டாயிரத்தில் அசையாமல் நிற்பார். அவருடைய அடுப்பில் மாற்றம் ஏற்பட்டாலன்றி அந்த எண்ணும் மாறாது.

நம் நாட்டில் நமக்குப் பழக்கமானது சராசரிதான். தாதாபாய் நௌரோஜி 1870-களிலேயே இந்தியரின் தலைவீத வருமானம் ஆண்டுக்கு இருபது ரூபாய் என்று கணக்கிட்டு ஆங்கில ஆட்சியின் முன் வைத்தார். பின்னர் வி. கே. ஆர். வி. ராவ் 1931-32-ஆம் ஆண்டுக்கு நுட்பமான கணக்கொன்றைச் செய்தார். விடுதலைக்குப் பின் 1949-இல் மகாலநோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது. இவர்கள் செய்தது பெரும்பணி. நாடு முழுவதற்குமான விளைச்சலை மதிப்பிட்டுத் தலைக்கு இவ்வளவென்று வகுப்பதற்கு அது போதும். ஆயினும் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வன்னியம்பட்டித் தெருவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

2022-23-இல் தமிழ்நாட்டின் தலைவீத வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய். இந்திய நாட்டின் சராசரியைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். நால்வர் கொண்ட குடும்பத்துக்குப் பார்த்தால் ஆண்டுக்குப் பதினொரு லட்சத்தைத் தாண்டும். விலக்கிலுள்ள தேநீர்க் கடையில் இதைச் சொன்னால், சொல்பவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதே ஆண்டில் மைய அரசின் புள்ளியியல் அலுவலகம் குடும்பச் செலவு ஆய்வு ஒன்றை நடத்திற்று. நாடெங்கும் 2,61,746 குடும்பங்களைக் கண்டு விவரம் கேட்டது. அதன்படி தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒருவர் மாதம் செலவிடுவது சராசரியாக 5,310 ரூபாய். நால்வருக்கு மாதம் 21,240; ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு கணக்குப் பதினொரு லட்சம். மற்றொன்று இரண்டரை லட்சம்! இரண்டும் பொய்யல்ல. முன்னதில் ஆலைகளின் இலாபமும் வங்கிகளின் இலாபமும் சென்னைப் பெருநகரின் வாணிபமும் அடங்கியுள்ளன. பின்னதில் சிற்றூரார் கையால் செலவழித்தது மட்டுமே உண்டு, சேமித்தது இல்லை, செல்வர் வீட்டு வாயிற்கதவு கணக்கெடுப்பவருக்கு எளிதில் திறப்பதுமில்லை. அன்றியும், இந்த 5,310 என்பதும் சராசரியே. நடுவில் நிற்கும் குடும்பம் இதற்கும் கீழேதான் நிற்கும்.

நம் மாவட்டத்திலேயே இந்த முரண்பாடு வெளிப்படையாகத் தெரிகிறது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டம், சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும், இராஜபாளையத்து நூலும், சிமெண்டு ஆலைகளும் கொண்ட தொழில் மாவட்டம். ஆயினும் 2018-இல் மைய அரசு முன்னேற்றத்தை நாடும் மாவட்டங்கள் என்று நாடெங்கும் தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரத்தோடு விருதுநகரும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது. ஆலை இருக்கும் இடத்தில் வருமானம் ‘விளைகிறது’ என்று கணக்கு எழுதப்படுகிறது. அந்த வருமானம் யார் வீட்டுக்குப் போகிறதென்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

அப்படியானால் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டால் என்ன என்று நேயர்கள் நினைக்கக்கூடும். இது நம் பகுதிக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நிலம், கால்நடை, கடன், உணவு எல்லாவற்றையும் கேட்டு எழுதச் சொன்னார். 1918-இல் நூலாக வந்த அந்த ஆய்வில், நம் மாவட்டத்து வடமலைபுரமும் ஒன்று. 1930-களில் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அந்த ஊர்களின் நிலையை மீண்டும் ஆராய்ந்து 1940-இல் நூலாக்கினார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் வடமலைபுரத்துக்கு மறுபடியும் போனார்கள். ஒரே ஊரை மூன்று தலைமுறை தொடர்ந்து பார்த்த இத்தகைய கணக்குகள் உலகில் அரியவை. ஆனால், ஒரு ஊருக்கு இவ்வளவு பாடு என்றால் ஒரு வட்டத்துக்கு எத்தனை பாடு!

அன்றியும், வரும்படி என்று கேட்டவுடனேயே வாய் மூடிக்கொள்கிறது. நம் நாட்டில் மட்டும் என்று எண்ண வேண்டா. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகச் சம்பளத்தைக் கேட்டார்கள். அதற்கு எழுந்த எதிர்ப்பைக் கண்டு, கேட்க வருபவரிடம் சொல்ல விரும்பாதவர் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு அனுப்பலாம் என்று விதி செய்தார்கள். இங்கே தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே வரும்படியையும் கேட்டுப் பார்த்தது. 1960-களில் மீண்டும் முயன்றது. வந்த விடை யாது தெரியுமா? மக்கள் சொன்ன வரும்படி, அவர்களே சொன்ன செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வரும் தொகையைவிடக் குறைவாக இருந்தது! அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகளாகச் செலவைக் கேட்டே வாழ்வை அளந்து வந்திருக்கிறோம். 2011-இல் நடந்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு, வீட்டில் மிகுதியாகச் சம்பாதிப்பவரின் மாத வரும்படியை மட்டும், அதுவும் ஐயாயிரத்துக்குக் கீழ், பத்தாயிரம் வரை, அதற்கு மேல் என்று மூன்றே படிகளாகக் கேட்டது. நாட்டின் சிற்றூர்க் குடும்பங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதற்படியிலேயே நின்றது. நடுவில் நிற்பவர் ஐயாயிரத்துக்குக் கீழே எங்கோ நிற்கிறார் என்ற அளவில் அது நின்றுவிட்டது. இருளில் ஆள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. முழு அளவிலான குடும்ப வருமான ஆய்வு ஒன்றை 2026-இல் தொடங்குவதாக 2025-இல் மைய அரசு அறிவித்தது. அதற்கு முன்னோட்டமாகக் கேட்டுப் பார்த்தபோது, கேட்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் இது வெளியிற் சொல்லும் செய்தியன்று என்றே கருதினர். உளுந்து புடைத்த அம்மாள் என் நினைவுக்கு வந்தார்.

வைத்துக்கொள்வோம், எல்லோரும் உண்மையே சொல்கிறார்கள். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. வயலில் விளைச்சல் மதிப்பிடும் முறையை உழவர்கள் அறிவார்கள். அலுவலர் வந்து, வயல் முழுவதையும் அறுப்பதில்லை. ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் கயிறு பிடித்து, அந்தச் சதுரத்துக் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்க்கிறார். இப்படிப் பல நூறு சதுரங்களைச் சேர்த்தால் மாநிலத்தின் விளைச்சல் நன்றாகவே தெரிந்துவிடும். ஆனால் ஒரே ஒரு சதுரத்தை வைத்து உங்கள் ஊரின் விளைச்சலைச் சொல்லிவிட முடியுமா? வாய்க்கால் ஓரத்துச் சதுரம் ஒன்று சொல்லும். மேட்டுச் சதுரம் மற்றொன்று சொல்லும். குடும்பக் கணக்கும் இவ்வாறே. மாநிலத்துக்குப் பொருந்தும் மாதிரி, வட்டத்துக்கு வரும்போது சில பத்து வீடுகளாகச் சுருங்கிவிடுகிறது. 2025 முதல் தேசிய மாதிரி ஆய்வுகளில் மாவட்டத்தையே அடிப்படைப் பிரிவாகக் கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள்; நல்ல செயல். ஆனாலும் மாவட்டத்துக்குள் வட்டம் உண்டு, வட்டத்துக்குள் ஊர் உண்டு.

அமெரிக்கர் தம் மாநிலங்களைக் கவுண்டிகள் என்னும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவை மூவாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் நடுக் குடும்பத்தின் வருமானத்தை ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெளியிடுகிறார்கள். டெக்சஸ் மாநிலத்து லவிங் என்னும் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி இருந்தவர் 64 பேர். நம் ஊரில் ஒரு கலியாண வீட்டுப் பந்திக்கு அதைவிட மிகுதியாக ஆள் வரும்! அங்கே எத்தனை வீட்டைக் கேட்டு எதைக் கணக்கிடுவது?

இதற்கு அவர்கள் கண்ட வழியைக் கைமாற்று என்றே நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. நம் வீட்டில் அரிசி போதவில்லையென்றால் அடுத்த வீட்டில் கைமாற்றாக வாங்குகிறோம் அல்லவா? அதுபோல, ஒரு சிற்றிடத்தின் மாதிரி போதாதபோது, பிற இடங்களின் அனுபவத்தை வாங்கிக்கொள்வது. வரிக் கணக்கில் தெரியும் வருமானம், உணவு உதவி பெறுவோர் தொகை ஆகியவை எல்லாக் கவுண்டிக்கும் கிடைக்கின்றன. இவற்றுக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பை நாடு முழுவதையும் வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தொடர்பு ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு எண்ணைச் சொல்லும். வீடுகளை நேரில் கேட்டதும் ஒரு எண்ணைச் சொல்லும். இரண்டையும் கலக்கிறார்கள். எந்த அளவில் கலப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. நேரில் கேட்ட எண் பதினோராயிரம், தொடர்பு சொல்லும் எண் பதின்மூவாயிரம் என்று கொள்வோம். முன்னதன் தடுமாற்றம் பின்னதைப் போல் மூன்று மடங்கு என்றால், முன்னதற்குக் கால் பங்கு மதிப்பும் பின்னதற்கு முக்கால் பங்கு மதிப்பும் தந்து, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்பார்கள். மாதிரி பெரிதாக உள்ள இடத்தில் நேரில் கேட்டதற்கே மதிப்பு மிகும். ஃபே, ஹெரியட் என்னும் இருவர், ஆயிரம் பேருக்கும் குறைந்த சிற்றூர்களின் வருமானத்தை அறிய 1979-இல் இம்முறையை வகுத்துக் காட்டினர். ஆந்திரத்து ஏலூரில் பிறந்து கனடாவில் பேராசிரியராக விளங்கிய ஜே. என். கே. ராவ், இத்துறை முழுவதையும் ஒழுங்குபடுத்தி 2003-இல் எழுதிய நூலே இன்றும் மாணவர் கையில் இருப்பது.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம். “கூரையைப் பார்த்து வரும்படி எழுதியது குற்றம் என்றீரே! இவர்கள் செய்வதும் அதுதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இவர்களும் கூரையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால், கூரையைப் பார்த்தோம் என்று சொல்லிவிடுகிறார்கள். எந்தக் கூரைக்கு எவ்வளவு என்பதைப் பல ஆயிரம் வீடுகளில் சோதித்து வைத்திருக்கிறார்கள். இந்த எண் இவ்வளவு மேலோ கீழோ தவறக்கூடும் என்று பக்கத்திலேயே அச்சிடுகிறார்கள். நான் என் ஊகத்தை அந்த அம்மாளின் வாக்காக எழுதினேன். தவறக்கூடும் என்று எழுத என் தாளில் கட்டம் இல்லை; இருந்திருந்தாலும் அன்று எழுதியிருப்பேனோ என்னவோ!

நம் அரசும் கூரை பார்க்கும் முறையை அறியாததன்று. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வகுத்த விதிகளைப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். அத்தோடு நின்றார்களா? நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்றும் சேர்த்தார்கள். வருமானத்தைக் கேட்டால் மட்டும் தெரியாது, நிலத்தையும் மின்மீட்டரையும் கேட்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பற்றிய செய்தி இவ்வாறு திரண்டிருக்கிறது. அதனை மாதிரி ஆய்வோடு முறையாகச் சேர்த்தால், பெயரும் முகவரியும் வெளிப்படாமலே, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்து நடுக் குடும்பத்தையும் இராஜபாளையம் வட்டத்து நடுக் குடும்பத்தையும் தனித்தனியே மதிப்பிடலாம் என்பது என் எண்ணம். பள்ளிக்கு உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, வீட்டு மானியம் எல்லாம் ஏதேனும் ஒரு வருமான வரம்பைச் சுற்றியே நிற்கின்றன. அந்த வரம்புக்கோடு நடுவில் நிற்பவரின் தலைக்கு மேலே போகிறதா, காலுக்குக் கீழே போகிறதா என்று தெரியாமலே நாம் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறோம்.

அண்மையில் அந்தத் தெருவுக்கு மீண்டும் போயிருந்தேன். ஓட்டு வீடு இருந்த இடத்தில் காரை வீடு நிற்கிறது. அந்த அம்மாள் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றனவாம். அவருடைய மருமகள் நாற்காலி எடுத்துப் போட்டு, “உட்காருங்க ஐயா” என்றார். வரும்படியை நான் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் மின்சாரக் கணக்கைப் பற்றி விசாரித்தேன். இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஓடுகிறது என்றார். மனத்துக்குள் ஆறால் பெருக்கிப் பார்த்தேன், 3,840 வந்தது. வசதியான வீடுதான் என்று எண்ணி நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பின்கட்டிலே கொழுந்தனார் குடும்பம் இருக்கு, ஐயா. கரண்டு ரெண்டு பேருக்கும் பொதுவு” என்றார். மீட்டர் ஒன்று, அடுப்பு இரண்டு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.